சாலை மாதிரியில் பெயரில்லாத உறுப்புகளை இயந்திரத்துக்கு எப்படி அடையாளம் காட்டுவது?

உங்கள் கையில் இருப்பது நான்குவழிச் சாலை ஒன்றின் பிம் மாதிரி, அதாவது உறுப்பு உறுப்பாக அமைத்த முப்பரிமாணக் கணினி மாதிரி. வடிவமைப்பாளரிடமிருந்து, மென்பொருள்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான ஐ.எஃப்.சி. கோப்பாக வந்திருக்கிறது. உள்ளே பல்லாயிரம் உறுப்புகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வகையே இல்லை. எது தார் அடுக்கு, எது கெர்ப் (சாலை விளிம்புக் கல்), எது வடிகால் என்று கோப்பு சொல்லவில்லை. நீங்களோ அதிலிருந்து அளவுப் பட்டியல் எடுத்தாக வேண்டும். உருவத்தைப் பார்த்துக் கற்கும் பாயிண்ட்நெட் போன்ற நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவித்தால் வகை பிரித்துத் தருமா, அதற்கு எத்தனை உறுப்புகளுக்குக் கையால் வகை குறிக்க வேண்டும், கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி வாங்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

இயந்திரக் கற்றலால் இது முடியும். ஆனால் பாயிண்ட்நெட்டிலிருந்து தொடங்காதீர்கள். நாற்காலியை அதன் உருவத்தைப் பார்த்தே நாற்காலி என்று சொல்லிவிடலாம். சாலையின் உறுப்புகள் அப்படிப்பட்டவை அல்ல. மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, மேலே என்ன, கீழே என்ன என்று தெரிந்தால்தான் அது இன்னது என்று சொல்ல முடியும். இந்த மூன்றையும் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டால் மிக எளிய கற்றல் முறையே போதும். கொடுக்காவிட்டால் எவ்வளவு பெரிய வலையமைப்பும் தடுமாறும். என் பதில் முழுவதும் இதைச் சுற்றித்தான் வரப்போகிறது.

கோப்பை ஒருமுறை சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். ஐ.எஃப்.சி. என்பது படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி: முதலில் வரிசை எண், பிறகு வகையின் பெயர், பிறகு 22 எழுத்து அடையாளக் குறி, அதன்பின் வடிவமைப்பாளர் வைத்த பெயர். உங்கள் கோப்பில் வகை இருக்க வேண்டிய இடத்தில் 'பில்டிங் எலிமெண்ட் பிராக்ஸி' என்றும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சாலிட்' என்றும் இருக்கும். பிராக்ஸி என்றால் பதிலி. 'இது ஏதோ ஒரு பொருள், என்ன என்று தெரியாது' என்பதே அந்த வரியின் அர்த்தம்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஐ.எஃப்.சி. கட்டடங்களுக்காக வளர்ந்த தரம். பழைய 2எக்ஸ்3 பதிப்பில் சுவர், கதவு, தூண், படிக்கட்டு எல்லாவற்றுக்கும் வகை இருந்தது, சாலைக்கு இல்லை. அதனால் சாலை வடிவமைப்பாளர்கள் எல்லாவற்றையும் பதிலி என்ற ஒரே மூட்டையில் கட்டி அனுப்பினார்கள். 4.3 பதிப்பில்தான் சாலை, ரயில் பாதை, துறைமுகம் ஆகியவற்றுக்கு உரிய வகைகள் சேர்ந்தன. 2024இல் அது ஐ.எஸ்.ஓ. 16739-1 தரமாக வெளிவந்தது. கெர்ப்புக்கு ஒரு வகை, அறிவிப்புப் பலகைக்கு ஒரு வகை, மண் நிரப்புக்கு ஒரு வகை என்று இப்போது இருக்கிறது. ஆனாலும் புதிய பதிப்பு வந்ததால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. சாலையின் அடுக்குகள் எல்லாவற்றுக்கும் 4.3 தரும் வகை 'கோர்ஸ்' என்ற ஒன்றுதான். அவற்றுக்குப் பொருந்தும் உட்பிரிவும் 'பேவ்மெண்ட்' என்ற ஒன்றுதான். அடியில் போடும் சரளை அடுக்கான ஜி.எஸ்.பி.யும் அதுவே, மேலே போடும் தார் அடுக்கான பி.சி.யும் அதுவே. உங்கள் அளவுப் பட்டியலுக்கு வேண்டிய வேறுபாடோ இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

கற்றலுக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு. வடிவமைப்பாளரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். சிவில் 3டி போன்ற மென்பொருளில் குறுக்குவெட்டு வார்ப்பின் (டெம்ப்ளேட்) ஒவ்வொரு துண்டுக்கும் பேவ்1, பேவ்2, பேஸ், சப்பேஸ், கர்ப் என்று குறியீடுகள் இருக்கும். ஏற்றுமதி அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் அவை ஐ.எஃப்.சி. கோப்புக்குள் வந்து சேராது. அங்கே ஒரு பெட்டியில் டிக் வைத்தால் முடிகிற வேலைக்கு இங்கே மூன்று மாதம் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். மூலக் கோப்பு கிடைக்காத பழைய திட்டங்களுக்கும், பல நிறுவனங்களின் மாதிரிகள் ஒன்றாகக் கலந்த திட்டங்களுக்கும்தான் கற்றல் தேவைப்படுகிறது. உங்களுடையது அப்படிப்பட்டது என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். எல்லா உறுப்புகளும் 'சாலிட்' ஆக இருக்காது. சிலவற்றில் லேயர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் பொருளின் பெயர், சிலவற்றில் அரைகுறைச் சுருக்கம். இவற்றை எழுத்துத் துணுக்குகளாக உடைத்துக் கற்கக் கொடுத்தால் கணிசமான உறுப்புகள் எளிதாகப் பிரிந்துவிடும். பெரிய மொழி மாதிரிகளையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம். பல மொழிகளில் எழுதிய பெயர்களை ஒரே வகைப் பட்டியலுக்குக் கொண்டுவருவதில் அவை கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கின்றன. ஆனால் பெயர் பொய் சொல்லும். நம் நாட்டு மாதிரிகளில் நான் அடிக்கடி காண்கிற ஒன்றைச் சொல்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்புப் பிரிவு எண்ணையே சிலர் லேயர் பெயராக வைப்பார்கள். 2013இல் வந்த ஐந்தாம் திருத்தப் பதிப்பில் 507 என்றால் பி.சி., அதாவது மேல் தார் அடுக்கு. அதற்கு முந்தைய 2001 பதிப்பில் 507 என்றால் டி.பி.எம்., அதாவது பி.சி.க்குக் கீழே வரும் தார் அடுக்கு; பி.சி. 509இல் இருந்தது. பழைய வார்ப்பைப் புதிய திட்டத்துக்கு எடுத்துப் போட்டிருந்தால், அந்த எண்ணை நம்பிக் கற்ற இயந்திரம் டி.பி.எம். முழுவதையும் பி.சி. என்று எழுதிவிடும். இரண்டுக்கும் விலை வேறு. ஆகவே பெயரைச் சாட்சிகளில் ஒன்றாக மட்டும் வையுங்கள். தீர்ப்பை அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

இனி வடிவியல். பலர் கவிழ்வது இங்கேதான் என்பதால் ஒரே ஒரு கெர்ப்பை எடுத்து விளக்குகிறேன்.

கெர்ப்பின் அகலம் 15 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு மென்பொருள் அதைக் கல் கல்லாகத் தராது. மையக்கோட்டோடு இழுத்து ஒரே திண்மமாகத் தரும். நீளம் 300 மீட்டர், வளைவின் ஆரம் 360 மீட்டர், சாலை 2 சதவீதம் ஏறுகிறது. இப்போது இந்தக் கெர்ப்பைச் சுற்றி ஒரு பெட்டி போடுங்கள். பெட்டியின் நீளம் 291 மீட்டர். அகலம்? வளைவின் வயிறு கிட்டத்தட்ட 31 மீட்டர் வெளியே தள்ளுகிறது. ஆகவே பெட்டியின் அகலம் 31 மீட்டர். உயரம் ஆறு மீட்டருக்கு மேல். 15 செ.மீ. அகலக் கல்லுக்கு 31 மீட்டர் அகலப் பெட்டி! அதே இடத்தில் ஒன்பது மீட்டர் அகலத் தார் அடுக்குக்குப் பெட்டி போட்டால் 295க்கு 39 மீட்டர் வரும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை மட்டும் கொடுத்தால் இயந்திரத்தின் கண்ணுக்குக் கெர்ப்பும் தார் அடுக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

பாயிண்ட்நெட் இந்தச் சிக்கலைத் தீர்க்குமா? ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 2017இல் வெளிவந்த அருமையான முறை அது. உறுப்பின் மேற்பரப்பில் புள்ளிகளைத் தூவி, அந்தப் புள்ளிகளிலிருந்தே உருவத்தைக் கற்கும். அதைச் சோதித்தது மாடல்நெட்40 என்ற தொகுப்பில்: 40 வகைகளில் 12,311 பொருள்கள், நாற்காலி, மேசை, விமானம் போன்றவை. ஒவ்வொரு பொருளுக்கும் 1,024 புள்ளிகள் எடுத்து, எல்லாவற்றையும் ஓர் அலகு ஆரமுள்ள கோளத்துக்குள் சுருக்கினார்கள். நம் கெர்ப்பை அப்படிச் சுருக்கிப் பாருங்கள். 300 மீட்டர் நீளம் கோளத்துக்குள் அடங்க வேண்டுமானால் 15 செ.மீ. அகலம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மீட்டருக்கு மூன்று நான்கு புள்ளிகள்தான் விழும். கெர்ப், குழாய், கேபிள், தடுப்புக் கம்பி எல்லாமே வெறும் நூலாகத் தெரியும். அளவு என்ற தகவலையே நாம் அழித்துவிட்டு, ஏன் குழம்புகிறது என்று வலையமைப்பைக் குறை சொல்கிறோம். 2021இல் ஆகன் பல்கலைக்கழகத்தினர் ஐ.எஃப்.சி. உறுப்புகளுக்கென்றே ஐ.எஃப்.சி.நெட் என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதுவும் கட்டட உறுப்புகளுக்கானது. கட்டடத்தில் கதவுக்கு முதலும் முடிவும் உண்டு. சாலையின் உறுப்போ வடிவமைப்பாளர் எங்கே வெட்டினாரோ அங்கே முடிகிறது. அடுத்த திட்டத்தில் அதே கெர்ப் 20 மீட்டர் துண்டாக வரும்.

ஆகவே சாலையை நிமிர்த்துங்கள். உறுப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் வடக்கு, கிழக்கு அளவுகளை விட்டுவிட்டு மூன்று எண்களைக் கணக்கிடுங்கள்: மையக்கோட்டில் எந்தச் செயினேஜ் (தொடக்கத்திலிருந்து கோட்டோடு எவ்வளவு தூரம்), மையக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகல், அந்த இடத்துச் சாலை மேற்பரப்பிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே. பிறகு ஐந்து மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுங்கள். 31 மீட்டர் அகலப் பெட்டிக்குள் ஒளிந்திருந்த கெர்ப் இப்போது வெளியே வந்துவிடும்: எல்லா வெட்டிலும் அகலம் 0.15, உயரம் 0.30, விலகல் மாறாத ஓர் எண். மையத் தடுப்பின் அகலம் 4.5 மீட்டர் என்றால் அதன் விளிம்புக் கெர்ப் 2.25 மீட்டரில் வந்து நிற்கும், வளைவானாலும் நேர்சாலையானாலும்.

உயரத்தை மையக்கோட்டின் மட்டத்திலிருந்து அளக்காமல் மேற்பரப்பிலிருந்து அளக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வளைவில் சாலை ஒருபக்கம் சாய்ந்திருக்கும். சாய்வு 7 சதவீதம் என்றால் ஏழு மீட்டர் விலகலில் மட்டம் 49 செ.மீ. மாறுகிறது. 30 செ.மீ. உயரக் கெர்ப்புக்கு அது பெரிய பிழை. இயந்திரம் ஒரே கெர்ப்பை ஓரிடத்தில் மண்ணுக்குள்ளும் இன்னோரிடத்தில் காற்றிலும் காணும்.

கோப்பில் மையக்கோடே இல்லை என்பீர்கள். 2எக்ஸ்3 பதிப்பில் அதற்கென்று வகை கிடையாது என்பது உண்மைதான். சாலை வடிவமைப்புத் தரவுகளைப் பரிமாறும் லேண்ட்எக்ஸ்எம்எல் கோப்பாகத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வடிவமைப்பாளரிடம் கட்டாயம் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் மிக நீளமான அகலமான அடுக்கின் நடுவில் ஒரு கோடு கணக்கிட்டு அதையே வைத்துக்கொள்ளலாம். விலகல் எண்கள் சற்று நகரும், ஆனாலும் உறுப்புகளுக்கு இடையிலான வரிசை கெடாது.

இந்த நிமிர்த்தல் முடிந்தபின் ஒவ்வொரு உறுப்புக்கும் முப்பது நாற்பது எண்கள் கிடைக்கும்: குறுக்குவெட்டின் அகலம், தடிமன், பரப்பு, அவை வெட்டுக்கு வெட்டு எவ்வளவு மாறுகின்றன, விலகல், ஆழம், இரு பக்கமும் அதன் இணை இருக்கிறதா, திண்மமா வெறும் பரப்பா. இவற்றை 2001இல் பிரைமன் எழுதிய ரேண்டம் ஃபாரஸ்ட் முறைக்குக் கொடுங்கள். பல முடிவு மரங்கள் வாக்களித்து வகை சொல்லும் முறை அது. அலுவலக மடிக்கணினியே போதும். கிராபிக்ஸ் அட்டை வேண்டியதில்லை. எந்த எண்ணை வைத்து முடிவெடுத்தது என்றும் அது காட்டும். தலைமைப் பொறியாளர் முன்னால் உட்காரும்போது இதன் அருமை தெரியும்.

அடுக்குகளுக்கு மட்டும் இதுவும் போதாது. ஜி.எஸ்.பி., அதன்மேல் டபிள்யூ.எம்.எம். என்ற ஈர ஜல்லிக் கலவை, அதன்மேல் டி.பி.எம்., அதன்மேல் பி.சி.; நான்கும் நீண்ட தட்டைப் பலகைகள். தடிமனில் வித்தியாசம் உண்டு, ஆனால் மண்ணின் வலிமைக்கும் வாகனச் சுமைக்கும் ஏற்பத் திட்டத்துக்குத் திட்டம் அது மாறும். மாறாதது வரிசை. அதனால் தனித்தனியாகக் கேட்காமல் எல்லா அடுக்குகளையும் ஒன்றாக வைத்துக் கேளுங்கள்: இதன்மேல் எத்தனை உறுப்புகள், கீழே எத்தனை, மேலே இருப்பதைவிட இது எவ்வளவு அகலம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதற்கு மேலே ஒன்றும் இல்லை என்ற ஒரு தகவலே பி.சி.யைக் காட்டிக்கொடுத்துவிடும். எது எதை ஒட்டியிருக்கிறது என்ற தொடர்பிலிருந்து கற்கும் வரைபட நரம்பியல் வலையமைப்பாலும் இதைச் செய்யலாம், நான்கு வரி விதியாலும் செய்யலாம். நான் விதியையே விரும்புகிறேன். தெரிந்ததை இயந்திரம் மறுபடி கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

அக்கம்பக்கம் எவ்வளவு பேசும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் புதைகுழாய். மழைநீர்க் குழாயும் கேபிள் போகும் குழாயும் உருளைகள்தான். விட்டமும் சில இடங்களில் ஒத்துப்போகும். படத்தில் பார்த்தால் அனுபவமுள்ளவருக்கே சந்தேகம் வரும். ஆனால் தண்ணீர் தானாக ஓட வேண்டும். ஆகவே மழைநீர்க் குழாய் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிவரை ஒரே சரிவில் நேராக இறங்கும். மேலே சாலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. கேபிள் குழாய் சாலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும். மேற்பரப்பிலிருந்து அதன் ஆழம் ஏறக்குறைய மாறாது. சரிவு மாறாததா, ஆழம் மாறாததா என்ற இரண்டு எண்களைச் சேர்த்ததும் எங்கள் வகைப்படுத்தி இந்த இரண்டையும் குழப்புவது ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு முன்பு வலையமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து வாரக்கணக்கில் அலைந்திருந்தோம்.

அப்படியானால் பாயிண்ட்நெட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அறிவிப்புப் பலகை, விளக்குக் கம்பம், சிக்னல் கம்பம், கண்காணிப்பு கேமரா, கிலோமீட்டர் கல் போன்றவை சாலையோடு நீளாமல் ஓரிடத்தில் நிற்பவை. இவற்றுக்கு முதலும் முடிவும் உண்டு, உருவமே பேசும். இங்கே புள்ளி முறையோ, பல கோணங்களில் படமெடுத்துக் கற்கும் 2015ஆம் ஆண்டின் எம்.வி.சி.என்.என். முறையோ நன்றாக வேலை செய்யும். சுருக்குவதற்கு முன் உண்மையான உயரத்தைத் தனி எண்ணாகக் கொடுக்க மட்டும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கிலோமீட்டர் கல்லும் சாலையோர மின்பெட்டியும் ஒன்றாகிவிடும்.

எத்தனை உறுப்புகளுக்குக் கையால் குறிப்பது? எண்ணிக்கையைவிட வகை வகையாக இருப்பதே முக்கியம். ஒரே வார்ப்பிலிருந்து வந்த ஆயிரம் கம்பங்களுக்குக் குறிப்பது ஒரு கம்பத்துக்குக் குறித்ததற்குச் சமம். கோப்பிலேயே ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்ளும் உறுப்புகளை முதலில் குழுவாகச் சேர்த்து, குழுவுக்கு ஒன்று என்று குறியுங்கள். வேலை பெருமளவு சுருங்கிவிடும். குறிக்கத் தொடங்குமுன் வகைப் பட்டியலை அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கெர்ப்பின் அடியில் போடும் கான்கிரீட்டைக் கெர்ப்போடு சேர்ப்பதா, தனியாக வைப்பதா? சாலையோரத்து மண் தோள்பட்டையும் ஜல்லித் தோள்பட்டையும் ஒன்றா, இரண்டா? இரண்டு பொறியாளர்களை ஒரே இருநூறு உறுப்புகளுக்குத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்களே ஒத்துப்போகாத இடத்தில் இயந்திரத்திடம் துல்லியம் கேட்க முடியாது. இன்னொன்று: மாதிரியில் இல்லாததை எந்த முறையாலும் வகைப்படுத்த முடியாது. அடுக்குகளுக்கு இடையில் தெளிக்கும் டாக் கோட் என்ற தார்ப் பூச்சை யாரும் திண்மமாக வரைவதில்லை. அதன் அளவை அடுக்கின் பரப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. நாங்களே அதில் விழுந்தோம். முதல் முயற்சியில் எல்லாத் திட்டங்களின் உறுப்புகளையும் ஒன்றாகக் கலந்து, ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கினோம். முடிவு பிரமாதமாக இருந்தது. அடுத்த மாதம் வேறொரு வடிவமைப்பாளரிடமிருந்து புதிய மாதிரி வந்தது. அதில் தடுப்புக் கம்பிகளைக்கூட அடையாளம் காண முடியவில்லை. காரணம் எளிது. ஒரே வார்ப்பில் பிறந்த இரட்டையரில் ஒருவரைப் பயிற்சியிலும் மற்றவரைச் சோதனையிலும் வைத்திருந்தோம். இயந்திரம் கற்கவில்லை, மனப்பாடம் செய்திருந்தது. ஆகவே திட்டவாரியாகப் பிரியுங்கள். சோதனைக்கு வைக்கும் திட்டத்தின் ஓர் உறுப்புகூடப் பயிற்சிக்குள் வரக் கூடாது. வடிவமைப்பு நிறுவனமும் வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணையும் நம்பாதீர்கள். பத்தாயிரம் உறுப்புகளில் ஒன்பதாயிரம் சாலைப் பிரதிபலிப்பான்கள் என்றால், எல்லாவற்றையும் பிரதிபலிப்பான் என்று சொன்னாலே 90 சதவீதம் கிடைத்துவிடும். வகைவாரியாக, எதை எதுவாக மாற்றிச் சொன்னது என்ற அட்டவணையைப் போடுங்கள். அந்த அட்டவணையை எண்ணிக்கையால் மட்டும் பார்க்காமல் பணத்தால் பெருக்கிப் பாருங்கள். இருபது கம்பங்கள் தவறினால் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். பி.சி. அடுக்கு ஒன்று டி.பி.எம். ஆகிவிட்டால் மதிப்பீடே சாயும். எனவே அடுக்குகளுக்கு இயந்திரம் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. கம்பங்களுக்கு, உறுதி குறைவாக உள்ளவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

கடைசியாக, முடிவைக் கோப்பில் எழுதுவது. ஐ.எஃப்.சி.ஓபன்ஷெல் என்ற திறந்த மூல நிரலகத்தைப் பைத்தானில் பயன்படுத்தினால் படிப்பதும் எழுதுவதும் எளிது. வடிவமைப்பாளர் தந்த வகையை அழித்து எழுதாதீர்கள். பக்கத்தில் ஒரு தனிப் பண்புத் தொகுதி சேர்த்து, கணித்த வகை, எவ்வளவு உறுதி, வகைப்படுத்தியின் எந்தப் பதிப்பு, மனிதர் சரிபார்த்தாரா என்ற நான்கையும் எழுதுங்கள். பின்னாளில் சச்சரவு வந்தால் எது வடிவமைப்பாளர் சொன்னது, எது நீங்கள் சேர்த்தது என்று பிரித்துக் காட்ட முடியும். திருத்திய கோப்பு மறுபடி வரும்போது அந்த 22 எழுத்து அடையாளக் குறிகள் மாறியிருக்கலாம். சரிபார்த்த உழைப்பை அவற்றோடு மட்டும் கட்டி வைத்தால் அது வீணாகும். கூடவே செயினேஜ், விலகல், குறுக்குவெட்டுப் பரப்பு மூன்றையும் சேமித்து வையுங்கள். குறி மாறினாலும் 2.25 மீட்டரில் இருந்த கெர்ப் 2.25 மீட்டரில்தான் இருக்கும்; பழைய ஒப்புதலை அதன்மேல் அப்படியே ஏற்றிவிடலாம்.